ஏழாம் அத்தியாயம்: ‘சொன்னான்’ அலுத்துப் போகும்போது

உரையாடல் நிறைந்த ஒரு சிறுகதையின் கைப்பிரதியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில் ‘சொன்னான்’ இருக்கும். இரண்டாம் பக்கத்துக்குள் எழுதியவருக்கே அது அலுத்துவிடும். ‘கூறினான்’ வரும், பிறகு ‘உரைத்தான்’ வரும். கொஞ்சம் இலக்கியம் படித்தவராக இருந்தால் ‘இயம்பினான்’, ‘பகர்ந்தான்’ வரைக்கும் போய்விடுவார். டீக்கடை பெஞ்சில் குந்தி பீடி பற்றவைக்கிற ஆள் எதையும் இயம்ப மாட்டான். வந்த சொல்லே திரும்ப வரக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்குச் சொன்ன விதியைக் கதைக்குள் கொண்டுவந்ததால் வந்த வினை இது.

இயம்பு, விளம்பு, பகர், நவில், நுவல், புகல், செப்பு, கழறு, பன்னு, சாற்று, அறை என்று இத்தனை வினைகள் தமிழில் சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. தொல்காப்பியம் செய்யுளுக்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காக வைக்கிறது. ஒரு பொருளுக்குப் பல சொல் இருப்பதும் ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பதும் திரிசொல்லின் தன்மை. பாட்டுக் கட்டுகிறவருக்கு இது பெரிய வசதி. எதுகைக்கு ஒன்று பொருந்தும், மோனைக்கு இன்னொன்று, சீர் குறைந்தால் நீளமான ஒன்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் இந்தச் சொற்களை மனப்பாடம் செய்ய ஏதுவாகச் செய்யுளிலேயே அடுக்கித் தந்தன. இவையெல்லாம் ஒரு பொருளன என்று நிகண்டு சொல்லும். எந்த இடத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று நிற்காது என்பது அதன் வேலை அல்ல. உரைநடை எழுதுகிறவருக்கு வேண்டியதோ அதுதான்.

அகராதி விஷயத்தில் ஒரு பரிந்துரை. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகன், பழைய சொல் எந்த நூலில் எப்படி ஆளப்பட்டது என்பதைக் காட்டும். இன்றைய வழக்குக்கு 1992இல் முதல் பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. அதில் பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியமும் இருக்கும். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பின்னதை வாங்குங்கள்.

சொல், பேசு, கூறு

சொல்வதற்கு ஒரு விஷயம் வேண்டும். பேசுவதற்கு ஆள் இருந்தால் போதும். இதைச் சோதிக்க ‘என்று’ சேர்த்துப் பாருங்கள். ‘நாளைக்கு வருகிறேன் என்று சொன்னாள்’ சரியாக நிற்கிறது. ‘நாளைக்கு வருகிறேன் என்று பேசினாள்’ தள்ளாடுகிறது. மேடைப் பேச்சு இதற்கு விலக்கு. நாளிதழ்ச் செய்திகள் முடிகிற விதத்தைக் கவனித்திருப்பீர்கள். பொதுக்கூட்டச் செய்தி ‘இவ்வாறு அவர் பேசினார்’ என்று முடியும். நிருபர்களுக்குக் கொடுத்த பேட்டி ‘இவ்வாறு அவர் கூறினார்’ என்று முடியும். எழுத்தில் வந்த அறிக்கையானால் ‘இவ்வாறு அதில் கூறப்பட்டுள்ளது’. கடைசி வரியை மட்டும் படித்தே ஆள் எங்கே நின்று வாய் திறந்தார் என்று சொல்லிவிடலாம். பழைய மரபுதான், ஆனால் குறை சொல்ல முடியாத மரபு.

முன்னால் வரும் பெயர்ச்சொல் மாறாமல் வினை மட்டும் மாறும்போது வித்தியாசம் இன்னும் துலங்கும். சந்தையில் காய்காரம்மா விலை சொல்கிறார். வாங்க வந்தவர் அவரோடு விலை பேசுகிறார். வாடகை பேசுவதும் கூலி பேசுவதும் சம்பந்தம் பேசுவதும் இப்படித்தான், இரண்டு தரப்பு இருந்து ஒரு முடிவை நோக்கிப் போவது. பாட்டி கதை சொல்கிறாள், திண்ணையில் கூடினவர்கள் கதை பேசுகிறார்கள், கடன் வாங்கியவன் கதை விடுகிறான், ஊருக்குப் போய்வந்தவன் கதை அளக்கிறான். கதை என்ற சொல் நான்கு இடத்திலும் அதேதான். ‘உண்மை பேசுகிறவர்’ என்றால் அது ஒருவருடைய சுபாவம். ‘உண்மையைச் சொல்லிவிட்டார்’ என்றால் அதுவரை மறைத்துவைத்திருந்தார் என்பதும் கூடவே வந்துவிடுகிறது.

‘கூறு’ எழுத்துக்கே உரிய வினை. தமிழ்நாட்டில் யாரும் வாய்ப்பேச்சில் ‘நான் கூறினேன்’ என்பதில்லை. பேச்சில் கேட்கிற ‘கூறுகெட்டவன்’ வேறு கூறு. ஆகவே மேற்கோள் குறிகளுக்குள் பாத்திரம் பேசுகிற இடத்தில் ‘அவர் என்ன கூறினார் என்றால்’ என்று எழுதினால், அந்தப் பாத்திரம் செய்தி வாசிப்பவராகவோ மேடைப் பேச்சாளராகவோ இருக்க வேண்டும். கதைசொல்லியின் குரலில் ‘கூறினார்’ வரலாம். வரும்போது அது கொஞ்சம் விலகி நிற்கும், அலுவலகத் தோரணை கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அந்த விலகல் உங்களுக்கு வேண்டுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உரையாடலை முடிக்க இவை எல்லாவற்றையும்விட எளியது ‘என்றான்’. கண்ணில் படாமல் ஆள் இன்னார் என்று மட்டும் காட்டிவிட்டு ஒதுங்கிவிடும். ஒரு பக்கத்தில் எட்டு முறை வந்தாலும் வாசகர் எண்ண மாட்டார். ‘பகர்ந்தான்’ ஒரு முறை வந்தால் எண்ணுவார்.

கேட்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ‘கேள்’ வினவுவதற்கும் செவிகொடுப்பதற்கும் சொன்னபடி நடப்பதற்கும் பொதுவானது. ‘அப்பா பேச்சைக் கேட்டான்’ என்றால் ஒட்டுக்கேட்டானா, அடங்கி நடந்தானா? பேச்சில் குரலும் சூழலும் காட்டிக் கொடுத்துவிடும், எழுத்தில் நீங்கள்தான் வேலியடைக்க வேண்டும். அதற்காக ‘வினவினான்’ பக்கம் போகாதீர்கள். அது இன்று இலக்கணப் புத்தகத்திலும் வினாத்தாளிலும்தான் குடியிருக்கிறது. ‘விசாரி’ இரண்டு முகம் கொண்டது: ‘அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்’ என்றால் அன்பு, ‘போலீசார் விசாரித்து வருகிறார்கள்’ என்றால் வயிறு கலங்கும்.

நிகண்டைத் திறப்பதற்கு முன்

தமிழில் சொல்லுதலின் நிறபேதம் பெரும்பாலும் முதல் வினையில் இல்லை. பின்னால் ஒட்டுகிற துணைவினையில் இருக்கிறது. எழுதுகிறவர்கள் இதை மறந்துவிட்டு நிகண்டுக்கு ஓடுகிறார்கள் என்பதுதான் என் மனக்குறை. ‘சொல்’ ஒன்றையே எடுத்துக்கொள்வோம்.

மீன்காரரிடம் சொல்லிவைத்தால் ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் எடுத்துவைப்பார். பெரியப்பா சொல்லியனுப்பினார் என்றால் போயே ஆக வேண்டும். பாட்டு வாத்தியார் சொல்லிக்கொடுக்கிறார். சின்னவன் அண்ணன் செய்த தப்பை அம்மாவிடம் சொல்லிக்கொடுத்துவிடுகிறான், அதே வினை, கேட்கிற ஆள்தான் வேறு. செய்த உதவியை ஒருவர் சொல்லிக்காட்டுகிறார். கேட்கமாட்டான் என்று தெரிந்தும் நண்பர் சொல்லிப்பார்க்கிறார். விருந்தாளி சொல்லிக்கொண்டு கிளம்புகிறார், கோபக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறார். ‘டாக்டர் என்று சொல்லிக்கொள்கிறார்’ என்று எழுதினால் அவர் டாக்டர் இல்லை என்று நீங்களே தீர்ப்புக் கொடுத்துவிட்டீர்கள். ‘சொல்லித் தொலை’ என்பதில் பொறுமை தீர்ந்துபோனவரின் முகமே தெரிகிறது.

‘பேசு’வும் இப்படி விரியும். பேசித் தீர்ப்பது, பேசி முடிப்பது, பேசிப் பார்ப்பது மூன்றும் மூன்று கட்டங்கள். கல்யாண வீட்டில் ‘பேசி முடிச்சாச்சு’ என்றால் தாம்பூலம் மாறிவிட்டது என்று பொருள். ‘பேசாமல்’ இன்னும் விசித்திரம். ‘பேசாமல் இரு’ என்பதில் வாயை மூடச் சொல்கிறார்கள். ‘பேசாமல் ஊருக்கே போய்விடலாம்’ என்பதில் வாய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வேறு யோசனையை விட்டுவிட்டு இதைச் செய்யலாம் என்கிற அலுப்புதான் இருக்கிறது.

பயிற்சிக்கு ஒரு வாக்கியம்: ‘அவளுக்கு வேலை கிடைத்ததற்குத் தானே காரணம் என்பதை அவன் குத்தலாக நினைவூட்டிக் கூறினான்.’ இதை ‘வேலை வாங்கிக் கொடுத்ததைச் சொல்லிக்காட்டினான்’ என்று மாற்றுங்கள். குத்தலாக, நினைவூட்டி, தானே காரணம் எல்லாம் ‘காட்டினான்’ என்பதற்குள் அடங்கிவிட்டன. உங்கள் பிரதியில் ‘கோபமாகக் கூறினான்’, ‘மெதுவாகக் கூறினான்’, ‘தயக்கத்தோடு கூறினான்’ என்று வரும் இடங்களையெல்லாம் கோடிட்டு இப்படி மாற்றிப் பாருங்கள். சத்தம் தணிந்த பேச்சுக்கும் நல்ல வினைகள் உண்டு. வலியில் முனகுவது, மனக்குறையில் முணுமுணுப்பது, காதருகே கிசுகிசுப்பது. காய்ச்சலில் பிதற்றுகிறவருக்கும் தூக்கத்தில் உளறுகிறவருக்கும் ‘தெளிவின்றிக் கூறினார்’ என்று எழுத வேண்டியதில்லை. ‘உளறிக்கொட்டினான்’ என்றால் தூக்கம் போய், ரகசியம் வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம் மாறுவதையும் கவனியுங்கள்.

செய்தி எழுதுகிறவர் கவனத்துக்கு

கதையில் வினை பிசகினால் நடை கெடும். செய்தியில் பிசகினால் வழக்கு வரும். ஒரு கவுன்சிலர், குடிநீர்த் திட்டத்தில் பணம் கையாடப்பட்டிருக்கிறது என்கிறார். ‘குற்றம் சாட்டினார்’ என்று எழுதினால் பேச்சு அவருடையது, பொறுப்பும் அவருடையது. ‘சுட்டிக்காட்டினார்’ என்று எழுதினால் கையாடல் ஏற்கனவே அங்கே இருக்கிறது, அவர் விரலை நீட்டினார், அவ்வளவுதான் என்றாகிறது. ‘அம்பலப்படுத்தினார்’ என்றால் நிருபரும் அவரோடு சேர்ந்து நிற்கிறார். உதவி ஆசிரியர் நள்ளிரவில் தலைப்புக்கு இடம் போதவில்லை என்று இவற்றில் ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் போடுவது நான் பார்த்த அளவில் மிகச் சாதாரணமாக நடக்கிறது.

எதிர்த்தரப்புக்கும் இதே தராசு வேண்டும். ‘மறுத்தார்’, ‘விளக்கம் அளித்தார்’ இரண்டும் நியாயமானவை. ‘மழுப்பினார்’, ‘சமாளித்தார்’, ‘சப்பைக்கட்டு கட்டினார்’ மூன்றும் தலையங்கத்துக்கு உரியவை, செய்திக்கு அல்ல. ‘தெளிவுபடுத்தினார்’ என்பதை அரசுச் செய்திக்குறிப்பிலிருந்து அப்படியே இறக்கிவைக்கும் வழக்கம் இருக்கிறது. தெளிந்தது யாருக்கு என்று ஒரு முறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.

‘ஒப்புக்கொண்டார்’ எல்லாவற்றிலும் ஆபத்தானது. குற்றச் செய்திகளில் ‘விசாரணையில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்’ என்று சர்வசாதாரணமாக வருகிறது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கக்கூடாது என்பது 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்த பொதுவிதி. அதன் இடத்தில் வந்த 2023ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அது தொடர்கிறது. நீதிமன்றம் ஏற்காததைச் செய்தி ஏற்றுக்கொள்வானேன்? ‘ஒப்புக்கொண்டதாகப் போலீசார் தெரிவித்தனர்’ என்று சொன்னவர் யார் என்பதைச் சேர்த்து எழுதுவது குறைந்தபட்சம். வாக்குமூலம் என்றாலே குற்றத்தை ஒத்துக்கொண்டதாக நினைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அடிபட்டவரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் வாக்குமூலம் கொடுக்கிறார். ‘ஒப்புதல்’ முன்னால் நின்றால்தான் மற்ற அர்த்தம். நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொல்வது சாட்சியம். தம்மை அழைத்த தரப்புக்கு எதிராகவே திரும்பிவிடுகிறவர் பிறழ்சாட்சி. இவற்றை அழகுக்காக மாற்றிப் போடக்கூடாது.

‘கூறப்படுகிறது’ பற்றி ஒரு வார்த்தை. யார் கூறினார்கள் என்று தெரியும், எழுதப் பயமாக இருக்கிறது என்பதுதான் பல இடங்களில் அதன் பொருள். யாரும் கூறவே இல்லை என்பதும் சில இடங்களில் உண்டு.

யார் யாரைத் திட்டலாம்

திட்டுவதற்கான வினைகளில் உறவுமுறை ஒளிந்திருக்கிறது. ‘கடிந்துகொள்’ மேலிருந்து கீழே வருவது. ‘தம்பி அண்ணனைக் கடிந்துகொண்டான்’ என்று எழுதினால் அந்த வீட்டில் ஏதோ தலைகீழாகிவிட்டது என்று வாசகர் நினைப்பார். உண்மையிலேயே தலைகீழாகியிருந்தால் அதுவே சரியான சொல். அதட்டலில் குரல் மட்டும்தான், கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லாமலும் அதட்டலாம். ‘இடித்துரை’ வித்தியாசமானது. அரசனுக்கு அமைச்சர், நண்பனுக்கு நண்பன் என்று சமமாக அல்லது கீழிருந்து மேலே, கேட்கிறவரின் நன்மைக்காக உறைக்கும்படி சொல்வது. திருக்குறளின் பெரியாரைத் துணைக்கோடல் அதிகாரம் இப்படி இடிப்பவர் இல்லாத அரசனைத்தான் எச்சரிக்கிறது. ‘கண்டி’ வீட்டில் பிள்ளை வளர்ப்பதற்கும் வெளியில் கட்சி அறிக்கைக்கும் பயன்படுகிறது. ‘சாடினார்’ தலைப்புச் செய்திக்கு வெளியே உயிர்வாழ்வதாகத் தெரியவில்லை. சம்பந்தி வீட்டாரைச் சாடிவிட்டு வந்தேன் என்று யாரும் சொல்லிக் கேட்டதுண்டா?

இல்லாத ஆளைப் பற்றிப் பேசுவதற்கும் தமிழ் தாராளமாகவே தந்திருக்கிறது. புறங்கூறுவது ஆள் முதுகுக்குப் பின்னால் இழித்துப் பேசுவது, கேட்கிறவர் யாராகவும் இருக்கலாம். கோள் சொல்வது அப்படி அல்ல. கேட்கிறவருக்கு அடிக்கவோ வேலையை விட்டு நீக்கவோ உறவை முறிக்கவோ அதிகாரம் இருக்க வேண்டும், அதற்காகவே சொல்லப்படுவது கோள். அலுவலகத்தில் இதைப் ‘போட்டுக்கொடுப்பது’ என்கிறார்கள். போட்டுக்கொடுத்த விஷயம் முழு உண்மையாகவும் இருக்கலாம், அதனால்தான் அதில் அவ்வளவு வன்மம். வம்பில் பகை இருக்க வேண்டும் என்பதில்லை, பொழுது போகாமை போதும். கிசுகிசு என்றால் பெயரைச் சொல்லாமல் அடையாளத்தை மட்டும் தூவுகிற சினிமாப் பத்திரிகைக் கலை. வதந்திக்குத் தாய்தகப்பன் கிடையாது. ‘அவரைப் பற்றி அவதூறு பரப்பினர்’ என்று எழுதும்போது மட்டும் நிதானியுங்கள். அவதூறு சட்டத்தில் ஒரு குற்றத்தின் பெயர், சொன்னது பொய்யும் பழியும் என்று நீங்களே முடிவுகட்டியதாகிவிடும்.

மேடைக்குப் போன பழஞ்சொற்கள்

நிகண்டுச் சொற்கள் முற்றிலும் சாகவில்லை. சில கூட்ட அழைப்பிதழில் வேலைக்குச் சேர்ந்துவிட்டன. வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, ஏற்புரை, கடைசியில் நன்றி நவிலல். ‘நவில்’ இன்று நன்றியைத் தவிர வேறு எதையும் நவில்வதில்லை. ‘மொழி’ என்ற வினையைத் தீர்மானம் போடுகிற சங்கங்கள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. ஒருவர் முன்மொழிகிறார், ஒருவர் வழிமொழிகிறார், கூட்டம் கலைகிறது. ‘உரை’க்கு இரட்டை வாழ்க்கை. மேடையில் பேசுவதும் உரை, நூலுக்கு விளக்கம் எழுதுவதும் உரை. பின்னதும் வாயில் பிறந்ததுதான். இறையனார் களவியல் உரை, நக்கீரர் தொடங்கி ஆசிரியர் மாணவர் என்று பல தலைமுறை வாய்வழியாக வந்து, பிறகே ஏட்டில் ஏறியது என்று அந்த நூலே சொல்கிறது.

மேடைப் பேச்சின் பெயர்களில் மேடை எது என்பது தெரியும். உபந்நியாசம் என்றால் கோயில் மண்டபமோ சபாவோ, முன்வரிசையில் பெரியவர்கள். காலட்சேபத்தில் கதையோடு பாட்டும் சேரும். பிரசங்கம் என்றதும் இன்று மாதா கோயிலோ சபையோ நினைவுக்கு வரும். ஆனால் ஆறுமுக நாவலர் 1847இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தொடங்கியதும் பிரசங்கம்தான், சைவப் பிரசங்கம். சொற்பொழிவு பொதுவானது, யாருக்கும் பொருந்தும். ‘பிரசங்கம் பண்ணாதே’ என்று வீட்டில் சொன்னால் அது வசவு. ‘சொற்பொழிவு ஆற்றாதே’ என்றால் நக்கல்.

பழஞ்சொல்லைத் துணிந்து எடுக்கும்போது இன்றைய காதில் அது என்னவாக விழும் என்று பாருங்கள். வரலாற்று நாவலில் ‘அரசி அறைந்தாள்’ என்று எழுதினால், ‘அறை’ என்பதற்குச் சொல்லுதல் என்று நிகண்டு பொருள் தந்தாலும், வாசகர் கண்ணில் ஒரு கன்னம் சிவக்கும். முரசு அறைந்து அறிவித்த காலத்தின் மிச்சம் ‘அறைகூவல்’ என்ற கூட்டுச்சொல்லில் பத்திரமாக இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். ‘விளம்பு’வும் அப்படித்தான். கன்னியாகுமரிப் பக்கத்தில் சோறு பரிமாறுவதை விளம்புவது என்பார்கள்.

ஊர் மாறினால் வினை மாறும்

‘செப்பு’ நமக்கு ஏட்டுச்சொல், ஆந்திரத்தில் தினசரிச் சொல். ‘பறை’யைக் கேரளத்தில் நாள் முழுக்கக் கேட்கலாம். ஆக, திரிசொல் என்று நாம் ஒதுக்கிவைப்பது பக்கத்து வீட்டில் புழங்குகிறது. தமிழுக்குள்ளேயே வித்தியாசம் இல்லாமலில்லை. மதுரைப் பக்கம் வைவார்கள், நெல்லையில் ஏசுவார்கள், இரண்டும் திட்டுதான். சென்னையில் பீலா விடுவது பிற ஊர்களில் கயிறு திரிப்பதாகிறது. கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கு அகராதி தொகுத்தது இந்த மாதிரிச் சொற்கள் கொச்சை என்ற ஒரே முத்திரையில் தொலைந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான். ‘கொச்சை’ என்பது வர்ணனை அல்ல, தீர்ப்பு. ‘வட்டார வழக்கு’ என்று எழுதினால் ஊரைச் சொன்னதாக ஆகும், ஆளைக் குறைத்ததாக ஆகாது.

இலங்கை எழுத்தைச் செம்மையாக்குகிறவர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் கதைப்பதுதான் பேசுவது. ‘அவரோட கதைச்சனான்’ என்றால் கதை எதுவும் சொல்லவில்லை, சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே ‘பேசுவது’ பெரும்பாலும் திட்டுவது. ‘அம்மா பேசினவ’ என்று ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்தால், தமிழ்நாட்டு வாசகர் அம்மா பேசியதற்கு ஏன் அழ வேண்டும் என்று திகைப்பார். மனக்குறையை வாய்க்குள் முணுமுணுப்பது அங்கே ‘புறுபுறுப்பது’. சென்னைப் பதிப்பகத்தில் ஒருவர் ‘கதைத்தார்கள்’ என்பதையெல்லாம் ‘பேசினார்கள்’ என்று திருத்தினால், மூலத்தில் ஏற்கனவே ‘பேசினார்’ என்று இருக்கிற இடங்களில் திட்டு வாங்கினவர் யார் என்பதே மறைந்துவிடும். திருத்த வேண்டாம். வாசகருக்கு உதவ வேண்டும் என்று தோன்றினால், ‘பேசினா’ முதல் தடவை வருகிற இடத்தில் அழுகிற பிள்ளையோ குனிந்த தலையோ பக்கத்து வாக்கியத்தில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லாவிட்டால் ஆசிரியரிடம் ஒரு வரி சேர்த்துத் தரக் கேளுங்கள்.